காமெராவும் நிசார் பாயின் ஜமுக்காளமும்

1

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். அங்கே எப்படி இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரிந்ததில்லை. இந்தக் குளிர்காலத்தில் என் மகள் பள்ளிக்கூடத்துக்காக ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அலைந்தாள். அதே சமயம் எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. இரண்டையும் சேர்த்து எழுதினால் அந்தக் கேள்விக்குப் பதில் வரும் போலத் தோன்றியது. எட்டாவது வரை படித்தவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆம்பூர் பக்கம் ஒரு கிராமம். பெயர் சொன்னால் ஆம்பூர்க்காரர்களுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தை விட்டதும் டேனரிக்குப் போனேன். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கிற பக்கம் என் வேலை. தண்ணீரும் வாடையும் உள்ள பக்கம். நிசார் அதே டேனரியில் காய்ந்த தோலைத் தரம் பிரிக்கிற பக்கம். அவன் சட்டை சுத்தமாக இருக்கும். என் சட்டை இருக்காது. மத்தியானம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம்.

இப்போது இருப்பது இத்தாலியில், வடக்குப் பக்கம். இதுவும் டேனரி ஊர்தான். ரயிலை விட்டு இறங்கியதும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது, சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறேன் என்று. நிசார் எனக்கு முன்னால் வந்தவன். ஸ்டேஷனுக்கு வந்து என் பையை வாங்கிக்கொண்டான். "காமெரா பாத்து வெச்சிருக்கேன் முனி" என்றான். முனி என்பது நான். முனிரத்தினம். போட்டோ எடுக்கிறதை எனக்கு எதற்குப் பார்த்து வைத்தான் என்று யோசித்துக்கொண்டே கூட நடந்தேன். வழியில் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான். வாடகைக்குக் காமெரா என்று எழுதியிருந்தது. இங்கே அறைக்குக் காமெரா என்று பெயர்.

"எங்க வூட்ல கம்ரான்னு சொல்றோம் இல்ல? அதேதான். எங்க ஆளுங்க யாரோ முன்னாடியே வந்து இவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க" என்றான். சிரிக்காமல் சொன்னான். நான் நம்பினேன். ரொம்ப வருஷம் நம்பினேன்.

அந்த ஒரு காமெராவில் நானும் அவனும் பல வருஷம் இருந்தோம். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு. அப்புறம் என் வீட்டுக்காரி மல்லிகாவும் மகள் நித்யாவும் வந்தார்கள். நான் வீடு பிடித்துப் போனேன். நிசார் அதே காமெராவில் இருந்தான். அவன் குடும்பம் ஆம்பூரிலேயே இருந்துவிட்டது.

2

கம்ரா என்ற சொல்லை நான் முதலில் கேட்டது நிசார் வீட்டில். ஆம்பூரில் அவன் வீடு ஒரு சந்துக்குள். முன்னால் கூடம். உள்ளே பச்சைத் திரை போட்ட கம்ரா. வெளியாள் கூடத்தோடு சரி. நானும் பல வருஷம் கூடத்தோடு சரி. அவன் அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் எடுத்தபோது தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டியிருந்தது. "கம்ராவுக்குள்ள வா முனி" என்று நிசார் கூப்பிட்டான். உள்ளே இருந்த பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் அந்தத் திரை எனக்கு இல்லை.

எங்கள் வீட்டில் கம்ராவும் கிடையாது, திரையும் கிடையாது. எல்லாம் ஒரே இடம். யாருக்கு எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே விரித்துப் படுப்போம். விடிந்ததும் சுருட்டிப் பரண்மேல் போட வேண்டும். வெயில் வந்த பிறகும் படுக்கை கிடந்தால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா சத்தம் போடும். விருந்தாளி என்றால் இன்னும் சீக்கிரம் எழுந்து சுருட்டிவிடுவார். வந்து படுத்த தடம் தெரியாமல் போகிறவர்தான் நல்ல விருந்தாளி. அவரைத்தான் மறுபடியும் வரச் சொல்வார்கள். இது நிசார் வீட்டிலும் அப்படித்தான். ஆம்பூரில் யார் வீட்டிலும் அப்படித்தான்.

இங்கே எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஒரு ஹால். முன்னால் இருந்த வீட்டில் ஒரே அறை. நித்யா கயிறு கட்டி அவள் அம்மாவின் புடவையைத் தொங்கவிட்டு அந்தப் பக்கம் படிப்பாள். இந்த வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு என்று ஒரு அறை கிடைத்தது. அன்றையிலிருந்து கதவைச் சாத்திக்கொள்கிறாள். பகலிலேயே. எங்கள் ஊரில் பகலில் கதவு சாத்தியிருந்தால் என்னமோ ஏதோ என்று பக்கத்து வீட்டில் இருந்து ஆள் வந்துவிடும். இங்கே அது மரியாதையாம். அவள் சிநேகிதிகள் வருவார்கள். உள்ளே போவார்கள். இத்தாலியில் பேசிச் சிரிப்பார்கள். பாதி புரியும். பாதி புரியாது. வேகமாகப் பேசுகிறார்கள்.

கதவைத் தட்டி உத்தரவு வாங்கி எனக்குப் பழக்கமில்லை. வெளியே நின்று இருமுவேன். "இருமல் மருந்து வேணுமா நைனா?" என்று உள்ளே இருந்து குரல் வரும்.

இதுதான் எங்கள் பேச்சாக இருந்தது. ஒரு இருமல், ஒரு பதில்.

3

மழைக்காலம் முடிகிற சமயம் நிசாரின் கட்டடத்துச் சொந்தக்காரர் இறந்துபோனார். பிள்ளைகள் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். நிசார் வேறு காமெரா தேடினான். போன் செய்தால் இருக்கிறது என்பார்கள். பெயரைச் சொன்னதும் நேற்றே போய்விட்டது என்பார்கள். நிசார் கோபப்பட மாட்டான். "நேத்தே போன் பண்ணியிருக்கணும்" என்பான்.

இங்கே காமெரா என்பது படுக்க மட்டும் இல்லை. முகவரி வேண்டும். முகவரியை முனிசிபாலிட்டி ஒத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்கிற பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாது. பெர்மிட் போனால் வேலை போகும். ஊருக்குப் போனாலும் திரும்பி வர முடியாது. நிசாருக்குப் பெர்மிட் முடிகிற நேரம். ரம்ஜான் முடிந்ததும் ஆம்பூரில் அவன் பெண்ணுக்கு நிக்காஹ் வைத்திருந்தார்கள். பெர்மிட் கையில் இல்லாமல் போனால் வேலையை விட வேண்டும். போகாவிட்டால் பெண் கல்யாணத்துக்கு அப்பா இல்லை.

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது இதைச் சொன்னான். வீடு இருக்கிறது, வா என்றேன். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊரில் அப்படிக் கேட்பதில்லை. மல்லிகாவும் எங்கே படுப்பார் என்று மட்டும்தான் கேட்டாள். ஹாலில் என்றேன். சரி என்றாள். நித்யா ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு நிசாரைப் பிடிக்கும். மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

நானும் நிசாரும் முனிசிபாலிட்டிக்குப் போய் எழுதிக் கொடுத்தோம். இவர் இனிமேல் இந்த வீட்டில் இருக்கிறார் என்று. கணக்குப் பார்த்தார்கள், இத்தனை பேர் இந்த வீட்டில் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஒருநாள் ஆள் வந்து பார்ப்பார்கள், எப்போது என்று சொல்ல மாட்டார்கள் என்றார்கள். வரட்டும் என்றோம். பொய் ஒன்றும் இல்லையே.

நிசார் ஒரு சூட்கேஸும் ஒரு ஜமுக்காளமும் கொண்டுவந்தான். ஜமுக்காளம் அவன் மனைவி கொடுத்தனுப்பியது. சிவப்பும் நீலமும் பட்டை போட்டது. அதை ஹாலில் விரித்துப் படுப்பான். காலைத் தொழுகைக்கு எழுந்திருப்பான். தொழுதுவிட்டு ஜமுக்காளத்தைச் சுருட்டிக் கயிறு கட்டி எங்கள் அறை அலமாரிமேல் வைத்துவிடுவான். சூட்கேஸைப் பூட்டி அலமாரிக்குப் பின்னால் தள்ளுவான். பல் தேய்க்கிற பிரஷ், துண்டு, சோப்பு எல்லாம் தோள்பையில் போட்டுக் கம்பெனிக்கே எடுத்துப் போய்விடுவான். குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். நாங்கள் எழுந்து பார்த்தால் ஹால் ஹாலாக இருக்கும். வாசல் மணியில் பெயர் போடலாம் என்றேன். உன் பேருக்குப் பக்கத்தில் என் பேர் எதற்கு, கீழ்வீட்டுக்காரர்கள் பார்த்து உனக்கு பேஜார் ஆகும் என்றான்.

மல்லிகாவுக்கு ரொம்பத் திருப்தி. "நிசார் அண்ணன் இருக்கற மாதிரியே தெரியல" என்று ஊருக்குப் போன் செய்து அவள் அக்காவிடம் சொன்னாள். அதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் ஊரில் இல்லை.

4

ஒருநாள் சாப்பிடும்போது நித்யா, "ஒரு கேள்வி பண்ணட்டா?" என்றாள். கேள்வி கேட்கிறது, பண்ணுகிறது இல்லை என்று பல தடவை சொல்லியாகிவிட்டது. இத்தாலியில் கேள்வியைப் பண்ணுவார்களாம். விட்டுவிட்டேன்.

அவள் பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிக்கிறார்கள். இவர்களுடைய பழைய பாஷை. இப்போது யாரும் வீட்டில் பேசுவதில்லை, ஆனாலும் படிக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு லத்தீன் சொல்லை எடுத்துக்கொண்டு, அது எந்தெந்த பாஷைக்குப் போனது, அங்கே போய் என்ன ஆனது என்று கண்டுபிடித்து வகுப்பில் நின்று பேச வேண்டும். அதில் வருகிற மார்க் வருஷ மார்க்கில் சேரும். அவள் எடுத்திருந்த சொல் காமெரா. வீட்டில் பேசுகிற பாஷையில் இருந்தும் ஏதாவது கொண்டுவா என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

"நம்ம வூட்ல காமெராவுக்கு இன்னா சொல்வோம்?"

"ரூமு" என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். "ரூமுதான்" என்றாள் மல்லிகா.

"அது இங்கிலீஷ்மா. தமிழ்ல?"

"அறைன்னு சொல்லலாம். ஆனா அது லாட்ஜு போர்டுலதான் எழுதியிருக்கும்."

நித்யாவுக்குச் சலிப்பு. அப்போது நிசார், "எங்க வூட்ல கம்ரா" என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். நித்யா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னொரு தடவ சொல்லுங்க மாமா" என்றாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் சாப்பாட்டு நேரம் எல்லாம் அதே பேச்சு. கதவு சாத்துகிற பெண் தானே வெளியே வந்து உட்கார்ந்தாள். அவள் சொன்னதில் எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன்.

அந்தச் சொல் லத்தீனுக்கும் முன்னால் கிரேக்கர்களிடம் இருந்ததாம். அங்கே அதற்கு வளைந்த கூரை என்று அர்த்தம். கூண்டு வண்டியின் கூண்டைக்கூட அப்படித்தான் சொன்னார்களாம். லத்தீன்காரர்கள் எடுத்துக்கொண்டு, வளைந்த கூரை போட்ட அறைக்கு வைத்தார்கள். அப்புறம் எந்த அறைக்கும் அதே பெயர். இத்தாலியில் அப்படியே நின்றுவிட்டது. இங்கே பார்லிமென்டில் ஒரு சபைக்கும் காமெரா என்றுதான் பெயர். சைக்கிள் டியூபுக்குக் காற்றுக் காமெரா. காற்று குடியிருக்கிற அறை என்று வைத்துக்கொள்ளலாம்.

போர்ச்சுகல்காரர்கள் அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு நம் கரைக்கு வந்தார்கள். அங்கிருந்து இந்திக்கும் உருதுக்கும் போய்க் கம்ரா ஆனது.

இதைக் கேட்டதும் நிசார் முகம் வாடிவிட்டது. "அப்போ எங்க ஆளுங்க வந்து சொல்லித் தரலியா?"

"இல்ல மாமா. இங்கேர்ந்துதான் அங்க போச்சு."

நிசார் ஒரு வாய் சோறு போட்டுக்கொண்டான். "சரி. கொண்டு போனத திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்னு எழுதிக்கோ" என்றான்.

போட்டோ எடுக்கிற கேமராவும் இதே சொல்தான். முன்காலத்தில் ஒரு அறையை இருட்டாக்கிச் சுவரில் சின்ன ஓட்டை போடுவார்களாம். வெளியே இருப்பது உள்ளே எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். அதற்கு இருட்டுக் காமெரா என்று பெயர். அப்புறம் அறை பெட்டியாகச் சுருங்கியது. இருட்டு என்ற சொல் உதிர்ந்துவிட்டது. அறை என்பது மட்டும் பெட்டிக்குப் பெயராக நின்றது. சின்ன வயதில் வேலூர் லாங் பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் எங்கள் வீட்டார் எல்லாரும் நின்று ஒரு படம் எடுத்தோம். பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்ட ஒரு ரூம் இருந்தது. எட்டிப் பார்க்கப் போய் ஸ்டூடியோக்காரரிடம் திட்டு வாங்கினேன். அது டார்க் ரூம். அவர் கையில் இருந்ததும் ரூம், பின்னால் இருந்ததும் ரூம் என்று இப்போதுதான் தெரிகிறது.

இங்கிலீஷில் சேம்பர் ஆனதாம். ராஜாக்கள் படுக்கிற அறைக்கு அந்தப் பெயர் என்றாள். சேம்பர் எனக்குத் தெரியும் என்றேன். டேனரியில் கழிவுத்தண்ணீர் போகிற தொட்டிக்கு நாங்கள் சேம்பர் என்போம். மழை வந்தால் அடைத்துக்கொள்ளும். யாராவது இறங்க வேண்டும். பாதி நேரம் நான்தான் இறங்குவேன். ஒரு தடவை உள்ளேயே மயக்கம் வந்துவிட்டது. சட்டையைப் பிடித்து மேலே இழுத்தது நிசார். அவன் சுத்தமான சட்டை அன்றைக்குப் போனது.

நித்யாவுக்கு இது தெரியாது. நான் சொன்னதில்லை. என்னைப் பார்த்தாள், நிசாரைப் பார்த்தாள். இதையும் எழுதலாமா என்று கேட்டாள். எழுது என்றேன்.

கடைசியாக ஒன்று. ஆம்பூரில் டேனரி கேட்டுக்குச் சிவப்புத் துண்டு போட்டவர் ஒருவர் வருவார். எல்லாரையும் காம்ரேட் என்பார். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார். அர்த்தம் தெரியாது. மரியாதையான சொல் என்று மட்டும் புரிந்தது. அதுவும் காமெராவில் இருந்து வந்ததுதானாம். ஸ்பெயின் நாட்டில் சிப்பாய்கள் ஒரே அறையில் தங்குவார்கள். கூடப் படுக்கிறவனுக்கு அந்தப் பெயர் வந்ததாம்.

"அதாவது ஒரே ரூம்ல தூங்கறவன்" என்றாள்.

"அப்போ நாம ரெண்டு பேரும்தான் ஒரிஜினல் காம்ரேடு" என்றான் நிசார்.

இத்தாலியில் மட்டும் அந்தச் சொல்லை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று நித்யா எச்சரித்தாள். முன்னால் இங்கே கெட்ட ஆட்சி நடத்தியவர்கள் அதை எடுத்துத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்களாம். நல்ல சொல்லுக்கும் அப்படி ஆகிவிடுகிறது.

5

முனிசிபாலிட்டி போலீஸ் ஒரு அம்மா வந்தார். நிசார் காலை ஷிப்டுக்குப் போயிருந்தான். எனக்கு மத்தியான ஷிப்டு. மல்லிகா அப்போதுதான் வீட்டைத் துடைத்து முடித்திருந்தாள்.

மரியாதையான அம்மா. ஷூவைக் கழற்றட்டுமா என்று கேட்டார். நிசார் எங்கே தூங்குகிறார் என்றார். நான் ஹாலில் தரையைக் காட்டினேன். தரை பளபளவென்று இருந்தது. கட்டில் எங்கே என்றார். நான் போய் அலமாரிமேல் இருந்த ஜமுக்காளத்தை எடுத்துவந்தேன். சுருட்டிக் கயிறு கட்டி இருந்தது. அவர் அதைப் பார்த்தார். துணி எங்கே என்றார். சூட்கேஸைக் காட்டினேன். பூட்டியிருந்தது. சாவி நிசாரிடம். பாத்ரூமில் மூன்று பிரஷ். செருப்புத் தட்டில் எங்கள் மூன்று பேர் செருப்பு. குளிர்கோட்டு மாட்டுகிற இடத்தில் மூன்று கோட்டு. வாசல் மணியில் என் பெயர் மட்டும்.

மல்லிகாவுக்கு நிசாரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. தெரிந்த இத்தாலியில் சொன்னாள். ரொம்ப நல்ல மனுஷர், இந்த வீட்டில் இருப்பதே தெரியாது என்று. அந்த அம்மா மறுபடி சொல்லச் சொன்னார். மல்லிகா இன்னும் நன்றாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"நல்லபடியா முடிஞ்சிது" என்றாள் மல்லிகா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில நாள் கழித்து முனிசிபாலிட்டியில் இருந்து பதில் வந்தது. நித்யா படித்துச் சொன்னாள். கொடுத்த முகவரியில் அந்த ஆள் குடியிருக்கிறதாகத் தெரியவில்லை. கேட்டதைத் தள்ளிவிடப் போகிறோம். சொல்ல வேண்டியது இருந்தால் கெடுவுக்குள் சொல்லுங்கள்.

நிசார் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டான். முழுக்க உட்காரமாட்டான், ஓரத்தில்தான்.

"வுடு முனி. உனக்கு பேஜார் வேணாம்" என்றான். பக்கத்து ஊரில் ஒரு ஆள் முகவரி வாங்கித் தருகிறானாம், அங்கே போய்ப் பார்க்கிறேன் என்றான். அந்த ஆளைப் பற்றி எங்களுக்குத் தெரியும். அவனிடம் போனவர்கள் இரண்டு பேரைப் போலீஸ் கூட்டிப் போனது. இருந்தாலும் நிசார் எழுந்தான். அவன் கிளம்ப நேரம் ஆகாது. சூட்கேஸ் எப்போதும் தயாராகத்தான் இருந்தது. ஜமுக்காளத்தைத் தோளில் போட்டான்.

நான் வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

6

"மாமா, ஒக்காருங்க" என்றாள் நித்யா.

அவன் நின்றான். அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க ரெண்டு பேரும் சேந்து, மாமா இங்க இல்லாத மாதிரியே பண்ணி வெச்சீங்க நைனா. அவங்க வந்து பாத்துட்டு இல்லன்னு எழுதினாங்க. அவங்க மேல இன்னா தப்பு?"

அவள் சொன்னது சரி.

"இங்க ஒருத்தர் இருக்காருன்னா அவர் இருக்கறது தெரியணும். கட்டில் இருக்கணும். ரூமு இருக்கணும்."

ரூம் எங்கே இருக்கிறது என்று மல்லிகா கேட்டாள். நித்யா தன் கதவைக் காட்டினாள்.

நிசார் தலையை ஆட்டிவிட்டான். "பொம்பளப் புள்ள கம்ரா எனக்கு வேணாம்மா. அந்தப் பேச்சே வேணாம்."

"உங்களுக்குத் தரேன்னு யார் சொன்னா? அம்மா என் ரூமுக்கு வருது. நீங்களும் நைனாவும் அந்த ரூம்ல. முன்னாடி இருந்தீங்க இல்ல, அந்த மாதிரி."

மல்லிகாதான் முதலில் பேசினாள். "இவரு கொறட்டையில இருந்து எனக்கு விடுதலை. அண்ணே, நீங்க மாட்டிக்கினீங்க" என்றாள். நிசார் ஜமுக்காளத்தைக் கீழே இறக்கினான்.

நித்யாவுக்கு அது சுலபமாக இருந்தது என்று எழுத மாட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் அவள் கதவு திறந்திருந்தது. சுவரில் ஒட்டியிருந்த படங்களில் பாதியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அம்மாவின் சாமி படத்துக்கு இடம் வேண்டும் என்றாள். கழற்றினதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அட்டைப்பெட்டியில் வைத்தாள். கயிறு கட்டிப் புடவை தொங்கவிட்ட பெண். நான் இருமாமல் நின்றுவிட்டு வந்தேன்.

எங்கள் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு இத்தாலிக்காரர் பழைய கட்டில் ஒன்று கொடுத்தார். நானும் நிசாரும் அதைத் தெருவோடு தூக்கிவந்தோம். முன்னால் அவன், பின்னால் நான். அங்கங்கே இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். ஆம்பூரில் ஈரத்தோலை இப்படித்தான் தூக்குவோம். அது இதைவிடக் கனம்.

நித்யா முனிசிபாலிட்டிக்குப் பதில் எழுதினாள். எங்கள் பக்கத்து வழக்கத்தை அதில் எழுதியிருந்தாள். விருந்தாளியாக இருக்கிறவர் காலையில் படுக்கையைச் சுருட்டி வைத்துவிடுவார், அது அந்த வீட்டாருக்குக் காட்டுகிற மரியாதை, அதனால் அதிகாரி வந்தபோது ஒன்றும் தென்படவில்லை, தயவுசெய்து மறுபடி வந்து பாருங்கள் என்று. படித்துத் தமிழில் சொன்னாள். நிசாரும் நானும் கையெழுத்துப் போட்டோம்.

அப்புறம் அவள் நிசாருக்குச் சட்டம் போட்டாள். பிரஷ் பாத்ரூம் டம்ளரில் இருக்க வேண்டும். செருப்பு தட்டில். கோட்டு மாட்டுகிற இடத்தில் கோட்டு. அவளே அவன் பெயரை எழுதி வாசல் மணியில் என் பெயருக்குக் கீழே ஒட்டினாள். எல்லாவற்றுக்கும் நிசார் சரி என்றான். படுக்கை மட்டும் அவனுக்கு வரவில்லை. தொழுதுவிட்டு எழுந்ததும் கை ஜமுக்காளத்துக்குப் போய்விடும். பாதி சுருட்டியிருக்கும்போது நித்யா பார்த்துவிடுவாள்.

"மாமா, மடிக்காதீங்க."

"கை தானா போவுதும்மா."

மறுபடி விரிப்பான். சுருக்கம் இல்லாமல் நீவி விரிப்பான். சுருக்கமாகவே இருக்கட்டும் என்பாள். அது அவனால் முடியவில்லை.

7

பள்ளிக்கூடத்தில் அவள் பேசியது எப்படி என்று நான் கேட்கவில்லை. அவளே சாப்பிடும்போது சொன்னாள். கம்ராவைச் சொன்னாளாம். டீச்சருக்கே அது தெரியாதாம். சேம்பரையும் சொன்னேன் என்றாள். ஒரு பையன் சிரித்தானாம். யார் அதில் இறங்குவது என்று டீச்சர் கேட்டாராம். என் அப்பா என்று சொன்னாளாம். அப்புறம் யாரும் சிரிக்கவில்லையாம். நல்ல மார்க்.

அவள் அம்மாவும் அவளும் ஒரே அறையில் இருப்பதில் சண்டை வருகிறது. விளக்கை அணைப்பது, ஜன்னலைத் திறப்பது, எல்லாவற்றுக்கும். ஆனால் தமிழில் சண்டை போடுகிறார்கள். நித்யாவின் தமிழ் நன்றாகவே ஆகிவிட்டது. கதவு பாதி திறந்திருக்கிறது. மல்லிகாவுக்குச் சாத்தினால் மூச்சு முட்டும்.

ரம்ஜானுக்குக் கொஞ்சம் முன்னால் மணி அடித்தது. அதே அம்மா. இந்தத் தடவை விடிந்ததும் வந்துவிட்டார். நிசார் கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்தான், கை ஜமுக்காளத்தைச் சுருட்டப் போனது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா இரண்டு கட்டிலையும் பார்த்தார். பாத்ரூமைப் பார்த்தார். நான்கு பிரஷ். கீழே மணியில் பெயரை ஏற்கெனவே பார்த்தேன் என்றார். அப்புறம் என்னைக் கேட்டார். இவர் உங்களுக்கு என்ன வேண்டும்? சொந்தமா?

சொந்தம் என்று சொன்னால் பொய். சிநேகிதன் என்று சொன்னால் போதாது. நித்யா கதவருகே நின்றிருந்தாள். வழக்கமாக நான் திக்கினால் அவள்தான் எடுத்துச் சொல்வாள். இந்தத் தடவை சும்மா இருந்தாள்.

காமெராவில் என்னோடு கூட இருக்கிறவன் என்று இத்தாலியில் சொன்னேன்.

எவ்வளவு காலமாக என்று கேட்டார். இந்த ஊருக்கு வந்த நாளில் இருந்து, நடுவில் சில வருஷம் இல்லை என்றேன். அவர் சிரித்தார். நிசாரைப் பார்த்து, சாக்ஸ் இன்னொரு காலிலும் போட்டுக்கொள்ளுங்கள், குளிர் என்றார். எழுதிக்கொண்டு போனார்.

ஒத்துக்கொண்டதாகப் பதில் வந்தது. பெர்மிட்டுக்கு நாள் பிடித்தது. நிக்காஹுக்கு முன்னால் கைக்கு வந்துவிட்டது. நிசார் அதைச் சட்டைப்பையில் வைத்தான். அப்புறம் எடுத்துப் பார்த்தான். மறுபடி வைத்தான்.

போன வாரம் ஊருக்குப் போனான். ஸ்டேஷன் வரை நான் போனேன். அவன் பையை நான்தான் தூக்கினேன். ரயில் வர நேரம் இருந்தது. ஏறும்போது, "வர்றேன் முனி" என்றான். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவோம். அவன் அந்தச் சொல்லைச் சொன்னபோது சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தேன். எங்கள் அறையில் அவன் கட்டில் அப்படியே கிடந்தது. ஜமுக்காளம் விரித்தபடி இருந்தது. போர்வை ஒரு பக்கம் சரிந்திருந்தது. தலையணையில் தலை வைத்த பள்ளம். இத்தனை நாள் பழக்கியும் வராதது, ஊருக்குப் போகிற அன்றைக்கு அவனுக்கு வந்துவிட்டது. பாத்ரூமில் போய்ப் பார்த்தேன். டம்ளரில் நான்கு பிரஷ் இருந்தது.

மல்லிகா மடித்து வைக்கலாம் என்று கை வைத்தாள். நானும் நித்யாவும் ஒன்றாக வேண்டாம் என்றோம்.

இப்போது அந்தக் கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஜன்னல் வழியாக வெயில் வந்து சிவப்புப் பட்டைமேல் விழுந்திருக்கிறது. அம்மா பார்த்தால் சத்தம் போட்டிருக்கும்.

கிடக்கட்டும். ஆள் வந்துதான் மடிப்பான்.